குப்பையிலிருந்து வெந்நீர்: வியன்னாவின் ஸ்பிட்டெலாவ் எரிஉலை

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில், டான்யூப் கால்வாயை ஒட்டி, 126 மீட்டர் உயரப் புகைபோக்கியில் பொன்னிறக் கோளம் ஒன்றைத் தாங்கி நிற்கும் ஸ்பிட்டெலாவ் எரிஉலை, நகரின் பொது மருத்துவமனைக்கு வெப்பம் வழங்குவதற்காக 1971இல் இயங்கத் தொடங்கியது. 1987இல் தீவிபத்தில் சிதைந்த அதற்குப் புதிய தோற்றத்தை வடிவமைக்க அழைக்கப்பட்ட ஓவியர் ஹுண்டர்ட்வாசர், சூழல் காப்பில் பிடிவாதமானவர் ஆகையால், புகையைத் தூய்மைப்படுத்த உரிய ஏற்பாடு செய்யப்படும் என்ற உறுதி கிடைத்த பின்னரே இசைந்தார். சுற்றுலாப் பயணிகள் படமெடுப்பது வண்ணச் சுவர்களைத்தான். ஆலையின் அருமையோ அவற்றுக்கு உள்ளே இருக்கிறது.

ஆண்டுக்குச் சுமார் 2,50,000 டன் குப்பையை எரிக்கும் இவ்வாலையில், லாரிகள் ஆழமான குழியில் கொட்டுவதைப் பாரந்தூக்கியின் இரும்புக் கை அள்ளி, உதிர்த்து, மீண்டும் அள்ளிக் கலக்கிக்கொண்டே இருக்கும். ஈரமும் உலர்வும் சீராகக் கலந்தால்தான் உலையின் வெப்பம் ஏறி இறங்காது. குப்பை எரியும்போது எழும் வாயு குறைந்தது 2 விநாடிகளேனும் 850 பாகை செல்சியசில் நிற்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. குளோரின் கலந்த பொருள்கள் அரைகுறையாக எரியும்போது தோன்றும் டையாக்சின் என்னும் கடும் நச்சுச் சேர்மங்கள் அவ்வெப்பத்தில் சிதைகின்றன. ஆயினும் வாயு குளிர்கையில் அவை மீண்டும் உருவாகக்கூடும் என்பதால், தூசியை வடிகட்டி, அமிலங்களை நீரால் கழுவிய பிறகும், எஞ்சிய டையாக்சினையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் வினையூக்கியின் துணையால் சிதைத்த பின்னரே புகை வெளியே விடப்படுகிறது.

கொதிகலனில் உண்டாகும் நீராவி மின்சாரத்தையும் தருகிறது. ஆனால் மின்சாரத்தை மட்டும் எடுத்தால் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகிவிடும். வியன்னா அதனை வெந்நீராக்கி, நிலத்தடிக் குழாய்கள் வழியே 60,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அனுப்புகிறது. குளிர்நாட்டுக்கே வாய்த்த வசதி இது.

எரிப்பதன் எல்லையைக் காண டெல்லிக்கு வர வேண்டும். டென்மார்க் நாட்டுத் தொழில்நுட்பத்தில் 1987இல் திமார்பூரில் அமைந்த எரிஉலை, ஈரமும் மண்ணும் மிகுந்த குப்பையின் வெப்ப மதிப்பு, அதாவது ஒரு கிலோ எரிந்தால் கிடைக்கும் வெப்பம், மிகத் தாழ்வாக இருந்ததால் சில வாரங்களிலேயே நின்றுபோனது. காய்கறித் தோலில் உள்ள நீரை ஆவியாக்கவே தீயின் ஆற்றல் செலவாகும்போது மின்சாரத்துக்கு மிஞ்சுவது சொற்பமே. ஆகவே மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்துவைப்பது, நகராட்சி அறிவுரை என்பதைவிட, உலையின் தேவை என்றே கொள்ளத்தக்கது. வியன்னாவும் தன் சமையலறைக் கழிவை எரிஉலைக்கு அனுப்பாமல், பஃபெனாவ் என்னுமிடத்தில் காற்றுப் புகாத கலன்களில் நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்து மீத்தேன் எடுக்கிறது.