சுறா ஏன் அங்கே நிற்கிறது?

குளச்சலில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனுக்கு, அடுத்த விடுமுறையில் சுறாக்களுக்கு நடுவே ஸ்கூபா டைவிங் செய்ய ஆசையாம். லட்சத்தீவா, மாலத்தீவா, இன்னும் தூரமா? விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாமே ஒன்றுபோல இருக்கிறது, எதை நம்புவது என்கிறார்.

ஊர்ப்பெயரைத் தள்ளிவைத்துவிட்டு, அங்கே சுறா எதற்காக வருகிறது என்று முதலில் விசாரியுங்கள். ‘சுறா நிச்சயம்’ என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கடலில் திரிகிற விலங்கு சொன்ன நேரத்துக்கு வருகிறது என்றால், பெரும்பாலும் யாரோ இரை போடுகிறார்கள். பிலிப்பைன்ஸின் ஓஸ்லோபில் 2011 முதல் கூனிறால் போட்டு அம்மணி உழுவை என்கிற திமிங்கலச் சுறாக்களைப் படகோரம் நிறுத்திவைக்கிறார்கள். பெருங்கடல்களைத் தாண்டிப் போகக்கூடிய மீன், ஒரு கைப்பிடி இறாலுக்காகப் படகில் உரசித் தழும்போடு திரிகிறது. பணம் கொடுத்துப் பார்க்க வேண்டிய காட்சியா இது? மாலத்தீவின் ஃபுவாமுலாவில் புலிச்சுறாக்கள் கூடுவதற்கும் துறைமுகத்தில் கொட்டிய மீன்கழிவுதான் முக்கியக் காரணம்.

இரை போடாமலே சுறாக்கள் கூட்டமாக நிற்கும் இடங்களும் உண்டு. என்னை அசத்தியது, பிரெஞ்சு பாலினீசியாவில் இருக்கும் ஃபகரவா என்ற பவளத் தீவு. அதன் தென்புறக் கால்வாயில் பகல் முழுக்கச் சுமார் 500 சாம்பல்நிறச் சுறாக்கள் நிற்கும். களவாய் மீன்கள் முட்டையிடக் கூடும் ஜூன், ஜூலையில் 700 வரை போகும். வேட்டை நடப்பது இரவில். அப்படியானால் பகலில், இழுத்துப்போகிற நீரோட்டத்துக்கு நடுவே அவை ஏன் மணிக்கணக்கில் நிற்க வேண்டும்?

மீன் ஏலக்கூடத்தில் சுறாவை அறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றைக் கீறியதும் வெளிறிய ஈரல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வயிற்றில் பாதி அதுதானோ என்று தோன்றும். மற்ற பெரும்பாலான மீன்களுக்குள்ள காற்றுப்பை சுறாவுக்கு இல்லை; மிதக்க உதவுவது அந்த ஈரலின் எண்ணெய். அது போதாது. நீந்துவதை நிறுத்தினால் சுறா மெல்ல அமிழும். இந்தச் சாம்பல் சுறாவுக்கு, செவுள் வழியே தண்ணீர் ஓடினால்தான் மூச்சும். ஆக, ஓய்வெடுக்கும்போதும் நீந்தியே ஆக வேண்டும்.

இப்போது ஆரல்வாய்மொழிக்கு வாருங்கள். ஆடிக் காற்று கணவாயில் நெருக்கியடித்து நுழைகிறது. முப்பந்தல் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. சரிவில் மோதிய காற்று போக இடமில்லாமல் மேலே ஏறும். அந்த ஏறுகாற்றில் பருந்து இறக்கையை விரித்து வைத்தால் போதும், அடிக்க வேண்டியதில்லை. ஃபகரவாவின் கால்வாயும் ஒரு கணவாய்தான். கடல் ஏறும்போதும் இறங்கும்போதும் தண்ணீர் அதில் பாய்கிறது. அடித்தரையின் சரிவில் மோதி மேலே எழுகிறது. சுறா தன் பக்கத் துடுப்புகளை விரித்து அதன்மேல் சாய்ந்துகொள்கிறது. பலகைபோல விறைப்பான அந்தத் துடுப்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, அது இறக்கை வேலை செய்யும் என்பதில் வியப்பிருக்காது.

யானிஸ் பாபாஸ்டமாட்டியு என்ற ஆய்வாளரின் குழு 2021-இல் இதை அளந்து சொன்னது. சுறாக்கள்மேல் கேமராவும் கருவிகளும் பொருத்தி, நீர் எங்கே எழும் என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். அந்த இடங்களில் சுறாவுக்குப் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ சக்தி மிச்சமாகிறது. கடல் ஏறும்போது ஓர் ஆழம், இறங்கும்போது வேறோர் ஆழம் என்று இடம் மாற்றிக்கொள்கின்றன. ஒரு சுறா ஓட்டத்தை எதிர்த்து மெதுவாக முன்னேறி, கால்வாயின் முனை வந்ததும் விட்டுக்கொடுத்து நீரோடு பின்னால் போய், மறுபடி வரிசையின் வால்பக்கத்தில் சேர்ந்துகொள்கிறது. ஆரல்வாய்மொழிப் பருந்துகள் முறைவைத்து வரிசையில் நின்றால் எப்படியோ, அப்படி.

நம் கரைக்கும் சுறாவுக்கும் உள்ள வரலாறு சுருக்கமாக: இங்கே சுறா என்றால் புட்டும் ஈரல் எண்ணெயும்தான். இரண்டாம் உலகப் போரில் காட் மீன் எண்ணெய் வரத்து நின்றபோது அந்த இடத்தைச் சுறா எண்ணெய் பிடித்தது. பிறகு துடுப்பு வியாபாரம் வந்தது. 2015-இல் இந்தியா துடுப்பு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அம்மணி உழுவைக்கு 2001-லேயே சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது.

குளச்சல்காரர் மகனுக்கு ஃபகரவா தூரம், செலவும் அதிகம். பக்கத்தில் லட்சத்தீவின் கட்மத், பங்காரம் இருக்கின்றன. 2010-இல் சுறா பிடிக்கத் தடை விதித்த மாலத்தீவிலும் இப்படிப்பட்ட கால்வாய்கள் நிறைய. பணம் கட்டுமுன் டைவிங் நிலையத்தில் கேட்கட்டும்: இங்கே சுறா ஏன் வருகிறது, நீரோட்டம் எந்த நேரம் உள்ளே பாயும்? ஓட்டத்தைப் பற்றிப் பேசத் தெரிந்தவரை நம்பலாம். வாளியைக் காட்டுபவர் வேண்டாம். பாயும் கால்வாயில் இறங்குவது புதியவர்களுக்கு ஆபத்து. அனுபவமுள்ள வழிகாட்டி இல்லாமல் இறங்கவே கூடாது.

விடுமுறையில் ஊருக்கு வரும்போது மகன் தூத்தூர்ப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். ஆழ்கடலில் சுறாத்தூண்டில் போட்டே வாழ்ந்த பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். கடலடிப் பாரின் எந்த முகத்தில் நீவாடு, அதாவது நீரோட்டம், முட்டினால் சுறா நிற்கும் என்று அவர்களிடம் கேட்டுப் பார்க்கட்டும்.