வாடை அடித்தால் யவனனுக்கு வீடு! தெரியுமா?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில், திவான் ராஜா கேசவதாசன் உண்டாக்கிய அந்தக் கம்போளத்தில், நல்லமிளகுச் சாக்கு பிரித்து வைத்திருக்கும் கடையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஹோமர் ஞாபகம் வந்துவிடுவார். கிரேக்கக் காவியத்துக்கும் மிளகுக்கும் என்ன உறவு? கேளுங்கள்!

ஹோமரின் 'ஒடிசி' காவிய நாயகன் ஒடிசியஸ், டிராய்ப் போரில் பத்து வருடம் கழித்துவிட்டு, ஊர் திரும்ப இன்னொரு பத்து வருடம் அலைந்தவன். அதில் ஏழு வருடம் ஒரே தீவில்! காற்றுக்கெல்லாம் காவலரான அயோலஸ், எதிர்க்காற்றுகளை ஒரு தோல்பையில் அடைத்துக் கட்டிக் கொடுத்தார். சொந்த ஊரான இதாக்காவில் மூட்டிய நெருப்பு கண்ணுக்குத் தெரிகிறது. அவன் கண்ணயர்ந்தான். பையில் பொன் இருக்கிறதென்று ஆட்கள் அவிழ்த்தார்கள். போச்சு! கப்பல் பழையபடி அயோலஸின் தீவுக்கே!

பின்னால் நம் கரைக்கு வந்த யவன, அதாவது கிரேக்க-ரோம, வணிகர்களுக்குப் பை தேவைப்படவில்லை, பருவக்காற்றே போதும். செங்கடல் வாயிலிலிருந்து சேரர் துறைமுகமான முசிறிக்கு நாற்பது நாள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். திரும்புவது டிசம்பரில், தவறினால் ஜனவரி முற்பாதிக்குள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையோரத்து மிளகை ஏற்றிக்கொண்டு அவர்கள் காத்துக் கிடந்தது வாடைக்காற்றுக்காக!

இன்னொன்று தெரியுமா? இந்தியக் கரையில் சிக்கிய ஒரு கிரேக்கப் பெண் வீடு திரும்பும் நாடகமே இருக்கிறது. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ், 1903-இல் அச்சேறியது. அந்தப் பெண்ணின் பெயர் காரிட்டியன். அவளை மீட்க வந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? இங்குள்ள அரசனுக்குத் தண்ணீர் கலக்காத திராட்சை மதுவை ஊற்றி மயக்குகிறார்கள். ஒற்றைக்கண் அரக்கனிடம் ஒடிசியஸ் செய்த அதே வேலை! அந்த அரசனின் ஆட்கள் பேசும் புரியாத மொழியைச் சிலர் கன்னடம் என்கிறார்கள், சிலர் துளு என்கிறார்கள்.

ஆனால் என் மனம் நிற்பது வேறிடத்தில். யவனனை வீட்டுக்குத் தள்ளிய அதே வாடையில்தான் சங்கப் பாட்டான 'நெடுநல்வாடை'யின் பாண்டிமாதேவி, போர்ப் பாசறைக்குப் போன கணவனுக்காகக் கலங்கிக் கிடக்கிறாள். நக்கீரர் பாடிய 188 அடிகள். அவள் கிடப்பது நாற்பது வயது யானையின் தந்தத்தால் கடைந்த கட்டிலில். மனைவி பெனலோப்பிக்காக ஒடிசியஸ் வேரோடு நின்ற ஒலிவ மரத்தில் செதுக்கிய கட்டிலிலும் தந்தம் இழைத்திருந்தான்! சரி, பாண்டிமாதேவியின் அரண்மனையில் இரவெல்லாம் எரியும் விளக்கு? கையில் அகல் ஏந்திய பாவை, அகல் நிறைய நெய், பருத்த திரி. அந்தப் பாவையைச் செய்தவன் யவனன்!