முதலில் பங்கீடு, பிறகு பம்புசெட்

சமவெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஜவ்வாது மலை ஒரு பெரிய நீர்த்தொட்டி. செய்யாறு அங்கேதான் பிறக்கிறது. மலையிலிருந்து இறங்கும் நீரைக் குப்பநத்தம், செண்பகத்தோப்பு, மிருகண்டா ஆகிய மூன்று அணைகள் அடிவாரத்தில் தேக்கி, திருவண்ணாமலை மாவட்டத்து வயல்களுக்கும் ஏரிகளுக்கும் அளிக்கின்றன. ஆனால், மலைமீது ஜமுனாமரத்தூரைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் மலையாளிப் பழங்குடி உழவர்களுக்கு அணையும் இல்லை, கால்வாயும் இல்லை. மழைக்காலம் முடிந்துவிட்டால் ஓடையின் ஊற்றும் கிணற்றின் அடியில் தேங்கும் நீருமே அவர்களது பாசனம்.

இந்த நிலைக்கு ஏற்றபடியே அவர்களது வேளாண்மையும் அமைந்தது. சரிவுகளில் மழையை நம்பிச் சாமை, தினை, கேழ்வரகு. பள்ளங்களில், ஓடையோரம் மட்டும் நெல். இப்போது அங்கும் பம்புசெட்டுகள் வருகின்றன. 2019இல் தொடங்கிய மத்திய அரசின் ‘பி.எம். குசும்’ திட்டம் சூரியசக்தி பம்புசெட்டுகளுக்குக் கணிசமான மானியம் தருகிறது. மலை உழவருக்கும் இரண்டாம் போகம் வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. யாருக்கு எவ்வளவு நீர் என்பதை யார் தீர்மானிப்பது என்பதே என் கேள்வி.

மலையின் அடித்தளம் கடினப்பாறை. அதன் மேலுள்ள சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நீர் தங்குகிறது. கொள்ளளவு சிறிது, அதுவும் பொதுவானது. மேட்டில் ஒருவர் இறைத்தால் பள்ளத்தில் இன்னொருவர் கிணறு இறங்கும்; ஊற்று மெலிந்தால் ஓடையும் நிற்கும். பொருளியல் நோக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பம்புசெட்டை வாங்கத்தான் செலவு. இலவச மின்சாரமோ சூரிய ஒளியோ கிடைத்தால், கூடுதலாக ஒரு மணி நேரம் இறைக்கச் செலவே இல்லை. விலை தடுக்காத இடத்தில் விதி தடுக்க வேண்டும். விதியும் இல்லையென்றால், கிணறு வற்றுவது ஒன்றே தடுக்கும்.

ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்த ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். மழையும் பாசனமும் சேர்த்து நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. நீர் தேவை என்று கொண்டால், ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் ஆகிறது. மழையில்லாக் கோடையில் அதன் பெரும்பகுதியைக் கிணறுதான் தர வேண்டும். அதே நீர் பல ஏக்கர் சிறுதானியத்தையோ காய்கறியையோ காப்பாற்றும். ஆகவே, எத்தனை பம்புசெட் என்பதைவிட எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் என்பதே முதன்மையான முடிவு.

இந்த முடிவை எடுக்க நமது சட்டங்கள் உதவவில்லை. விவசாயிகள் பாசன அமைப்புகளைத் தாங்களே மேலாண்மை செய்வதற்கான 2000ஆம் ஆண்டுச் சட்டம் அணை, கால்வாய், ஏரிப் பாசனத்தை மனத்தில் கொண்டது. 2003இல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டமோ நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது. மலையின் கிணறும் ஊற்றும் இரண்டுக்கும் வெளியே நிற்கின்றன.

சட்டம் இல்லாத இடத்தில் ஊர் கூடி விதி செய்ய முடியும். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டிகள் முறை வைத்து மடை திறந்த வரலாறு நமக்குத் தெரியும். ஸ்பெயினின் வலென்சியாவில் உழவர்களே தேர்ந்தெடுக்கும் நீர் மன்றம் இன்றும் வியாழன்தோறும் கூடி வாய்மொழியாகவே வழக்குத் தீர்க்கிறது. இத்தகைய ஏற்பாடுகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரோம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பாஜார் கிராமம், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று தனக்குத் தானே தடை விதித்துக்கொண்டது. ஆண்டுதோறும் கிடைத்த மழையைக் கணக்கிட்டு, குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கியபின் எஞ்சுவதற்கேற்ப அங்கே பயிர் முடிவாகிறது.

ஜவ்வாது மலையில் இதற்கான களம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். ஜனவரி 26 அன்று கூடும்போது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். அதற்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொரு சிற்றூரும் தன் கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்தால், கோடைப் பயிரின் பரப்பையும் இறைக்கும் முறையையும் அன்றே முடிவு செய்யலாம். உலக நீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் சபையில் அந்தக் கணக்கைச் சரிபார்க்கலாம். ஓடைகளின் தலைப்பகுதி காட்டுக்குள் இருப்பதும் தடையல்ல. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கிராம சபை பரிந்துரைத்தால், சிறு நீர்நிலைகளுக்கும் பாசன வாய்க்கால்களுக்கும் மழைநீர் சேகரிப்புக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாத வனநிலத்தை அளிக்க வழிசெய்கிறது.

சமவெளி உழவர் கணக்கின்றி இறைக்கும்போது மலை உழவர் மட்டும் ஏன் அடக்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் காக்கும் ஊற்று கீழே மூன்று அணைகளுக்கும் ஆதாரம். அந்தச் சேவைக்கு ஒரு விலை உண்டு. சாமைக்குக் கட்டுப்படியாகும் கொள்முதல் விலையை உறுதிசெய்வது அதைச் செலுத்த எளிய வழி. கூடவே, மானிய பம்புசெட்டுக்கு விண்ணப்பிக்கும் சிற்றூர் தன் நீர்க்கணக்கையும் முறையையும் முதலில் எழுதித் தர வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனையை அரசு விதிக்கட்டும். கிணறுகள் வற்றியபின் பங்கிட்டுக்கொள்ள எதுவும் இருக்காது.