நிக்காஹ் இணையதளம்: எந்த விவரம் யாருக்குத் தெரிய வேண்டும்?

நமது அலுவலகத்தில் இருக்கும் வரன் பதிவேட்டை இணையதளமாக மாற்றித் தரும்படி பெற்றோர்கள் பலர் கேட்டு வருகின்றனர். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் வேலை பார்க்கும் காலத்தில் இது நியாயமான கோரிக்கைதான். ஆனால் தளத்தின் அழகையும் வண்ணத்தையும் யோசிக்கும் முன், பதிவு செய்பவரின் பக்கத்தில் என்னென்ன கேட்பது, அதை யார் யார் பார்க்கலாம் என்பதை நாம் முடிவு செய்தாக வேண்டும்.

காரணம் இருக்கிறது. 2016 ஜூனில் 'முஸ்லிம் மேட்ச்' என்ற துணை தேடும் தளத்திலிருந்து ஏறத்தாழ 1,50,000 பேரின் விவரங்கள் வெளியே கசிந்தன. மின்னஞ்சல் முகவரிகள் மட்டுமல்ல, ஒருவருக்கொருவர் தனியாக எழுதிக்கொண்ட செய்திகளும் அதில் இருந்தன. கடவுச்சொற்களை எம்டி5 என்ற பழைய முறையில் மறைத்து வைத்திருந்தார்கள். இன்றைய கணினிக்கு அதை உடைப்பது எளிது. நல்ல வரன் அமையும் என்று நம்பி ஒரு பெண் எழுதியதை ஊரே படிக்க நேர்ந்தால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன?

ஆகவே தேவையில்லாததைக் கேட்கவே கூடாது. அடையாள அட்டையை அலுவலகத்தில் சரிபார்த்து, பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று மட்டும் குறித்தால் போதும். நகல் அலுவலக பீரோவில் இருக்கட்டும். இணையத்தில் ஏற்ற வேண்டாம்.

கேட்கும் விவரங்களுக்கு மூன்று நிலைகள் வைக்கலாம். பதிவு செய்த அனைவரும் பார்ப்பது, இரு தரப்பும் விருப்பம் தெரிவித்த பின் பார்ப்பது, அலுவலகம் மட்டும் பார்ப்பது. எந்த விவரம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைப் பதிவு செய்பவரே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலோர் அந்த அமைப்பைத் தொடவே மாட்டார்கள். எனவே தொடக்கத்தில் எல்லாம் மூடியே இருக்க வேண்டும். திறப்பது அவரவர் விருப்பம்.

புகைப்படத்தில் கூடுதல் கவனம் தேவை. சில தளங்களில் பக்கத்தில் படம் மறைந்திருக்கும். ஆனால் அந்தப் படத்தின் இணைய முகவரி தெரிந்தால் யாரும் திறந்துவிடலாம். அனுமதி பெற்றவருக்கு மட்டும், சில நிமிடங்களில் காலாவதியாகும் முகவரியில் படத்தைக் காட்டும்படி நிரலாளரிடம் கேட்க வேண்டும். அப்போதும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைத் தடுக்க முடியாது. இதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

மத்ஹப், வீட்டில் பேசும் மொழி, படிப்பு, வேலை, ஊர் ஆகியவை வழக்கமானவை. மணநிலையில் 'ஆனவர், ஆகாதவர்' என்ற இரண்டு மட்டும் போதாது. கணவரை அல்லது மனைவியை இழந்தவர், தலாக் அல்லது குலா ஆனவர் என்பதைத் தனித்தனியாகக் குறிக்கவும், குழந்தைகளைப் பற்றித் தம் சொந்த வார்த்தைகளில் எழுதவும் இடம் வேண்டும். இதை எல்லோருக்கும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் பேச்சு தொடங்கும் முன் எதிர்த்தரப்புக்குத் தெரிந்தாக வேண்டும்.

நிறம் என்ற கட்டம் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கட்டம் இருந்தால் அதை வைத்துத் தேடுவார்கள். ஒரு பெண்ணைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் அவளைக் கழித்துவிடுவார்கள். பவுன் கணக்குக்கும் இடமில்லை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி, திருமணத்துக்கு ஈடாகப் பணமோ சொத்தோ தருவதாக விளம்பரம் செய்வதே குற்றம். மஹர் அந்தச் சட்டத்தின் வரதட்சணைக்குள் வராது. ஆகவே மாப்பிள்ளை பக்கத்தில் 'தர எண்ணியுள்ள மஹர்' என்று ஒரு கட்டம் தாராளமாக இருக்கலாம்!

'என்னைப் பற்றி' என்ற இடத்தில் பலர் கைப்பேசி எண்ணை எழுதிவிடுவார்கள். பத்து இலக்கங்களைக் கணினி கண்டுபிடித்து நீக்கும். 'ஒன்பது எட்டு நான்கு' என்று எழுத்தில் எழுதுபவரை என்ன செய்வது? அதற்கு ஒரு சகோதரி உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

பெண்ணுக்குத் தெரியாமல் அவள் பெயரில் பக்கம் தொடங்கக் கூடாது. நிக்காஹ்வுக்கே அவளுடைய சம்மதம் தேவை என்னும்போது பதிவுக்கு வேண்டாமா? உறுதி எண் அவளுடைய கைப்பேசிக்கே செல்லட்டும். அதன் பின், வரும் விருப்பங்களின் நகல் வலிக்கும் போகலாம். வரன் முடிவானதும் பக்கத்தை முழுவதுமாக அழிக்கும் பொத்தான் அவள் கையிலேயே இருக்க வேண்டும்.

மாதிரிப் படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. எந்தக் கட்டத்தைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம் என்று பெற்றோருடன் பிள்ளைகளும் வந்து எழுதித் தாருங்கள். நிரலாளரிடம் வேலையை ஒப்படைப்பது அதன் பிறகுதான், இன்ஷா அல்லாஹ்.