பிளாக்ஜாக்
பிளாக்ஜாக் என்பது காசினோக்களில் பரவலாக ஆடப்படும் சீட்டாட்டம் ஆகும். இதில் ஒவ்வொருவரும் டீலரை எதிர்த்தே ஆடுகின்றனர். கைச்சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல் டீலருடையதைவிட அதிகமாக இருக்க வேண்டும். ராஜா, ராணி, ஜாக்கி தலா 10. ஏஸ் 1 அல்லது 11. மற்றவற்றுக்கு அவற்றின் எண்ணே மதிப்பு. முதலில் இரண்டு சீட்டுகள் தரப்படும். டீலரின் ஒரு சீட்டு மட்டும் திறந்திருக்கும். ஆட்டக்காரர் மேலும் சீட்டு கேட்கலாம், போதும் என நிறுத்தவும் செய்யலாம். டீலருக்கு அந்த உரிமை இல்லை. பொதுவாக 16 வரை எடுத்தே ஆக வேண்டும், 17-இல் நிறுத்த வேண்டும்.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் காசினோவின் ஆதாயம் ஆடும் வரிசையில் இருக்கிறது. முதலில் ஆடுபவர் 21-ஐத் தாண்டினால் பந்தயப் பணம் உடனே போய்விடும். பிறகு டீலரும் தாண்டினால்கூடத் திரும்பாது. வெளிவந்த சீட்டுகளைக் கணக்கில் வைத்து இந்த ஆதாயத்தை முறியடிக்கலாம் என்று கணிதவியலாளர் எட்வர்ட் தோர்ப் 1962-இல் வெளியான தம் நூலில் காட்டினார். இன்று பல காசினோக்கள் 6 அல்லது 8 கட்டுகளைக் கலந்தே சீட்டுப் போடுகின்றன.