சொற்களுக்குள் ஒரு தராசு

குந்தாரப்பள்ளி வாரச் சந்தையைச் சுற்றி வந்தால் இன்று பெரும்பாலும் மின்னணுத் தராசுகளையே காணலாம். ஆயினும் பழைய தட்டுத் தராசு நம் பேச்சை விட்டுப் போய்விடவில்லை. "எதையும் சீர்தூக்கிப் பார்த்து முடிவு செய்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள் அல்லவா? சீர்தூக்குதல் என்றால் எடையிட்டு ஒப்பு நோக்குதல் என்று பொருள். ஆங்கிலச் சொல்லுக்குள்ளும் இதே தராசு இருப்பதுதான் விந்தை. ஆழ்ந்து ஆராய்வதைக் குறிக்கும் 'டெலிபரேட்' என்னும் சொல், தராசு எனப் பொருள்படும் 'லிப்ரா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பர் சொல்லாய்வாளர். வானத்துத் துலாம் இராசிக்கும் அப்பெயரே வழங்குகிறது.

பிறரோடு கலந்து எண்ணுவதை ஒவ்வொரு மொழியும் எவ்வாறு கற்பனை செய்திருக்கிறது என்று சற்றுக் காண்போம்.

சூழ்ச்சி தீய சொல்லா?

தமிழில் 'சூழ்தல்' என்றால் சுற்றி நிற்றல். ஒரு பொருளைப் பல பக்கமும் சுற்றி நின்று எண்ணுவதும் சூழ்தலே. திருக்குறளில் 'சூழ்ச்சி' என்பது ஆராய்ந்து எண்ணுதல் என்னும் நல்ல பொருளில் வருகிறது. இன்றோ அது சதியைக் குறிக்கிறது. ஆங்கிலத்திலும் இப்படி ஒரு சொல் உண்டு. 'கான்ஸ்பைர்' என்பதன் மூலப்பொருள் சேர்ந்து மூச்சு விடுதல். இன்றைய பொருள் சதி செய்தல். சிலர் மட்டும் கூடிப் பேசினால் வெளியே நிற்பவருக்கு ஐயம் பிறப்பது எந்த நாட்டிலும் இயல்புதானே!

டச்சு மொழியில் 'ராட்' என்றால் அறிவுரை. அறிவுரை கூறும் அவைக்கும் அதுவே பெயர். வாசித்தலைக் குறிக்கும் ஆங்கில 'ரீட்' இதன் உடன்பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் அதற்கு அறிவுரை கூறுதல், பொருள் விளக்குதல் என்ற பொருள்களும் இருந்தன. கலந்து பேசுவதற்கு டச்சுக்காரர் அன்றாடம் வழங்கும் சொல் 'ஓவர்லெக்'. அதிலுள்ள 'லெக்கன்' என்ற வினைக்கு வைத்தல் என்று பொருள்.

நெதர்லாந்தில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் கடல் மட்டத்திற்குக் கீழே உள்ளது. ஒருவன் தன் வயல் நீரை மட்டும் தனியே வெளியேற்ற முடியாது. கரை உடைந்தால் எல்லோரும் மூழ்குவர். ஆகவே 13ஆம் நூற்றாண்டிலேயே அங்கு நீர் வாரியங்கள் தோன்றின. நமக்கும் இது புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊர்ச் சபையின் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. நீர் வேலிக்குக் கட்டுப்படாது. எனவே மனிதர் கூடிப் பேச வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்தில் ஒரு கலந்தாய்வு

டச்சுக்காரர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். அங்குள்ள தமிழரின் சொத்துரிமை வழக்கங்களைத் தொகுக்குமாறு ஆளுநர் சிமோன்ஸ் ஆணையிட, அங்கு நெடுங்காலம் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1706-07இல் அவற்றை எழுதினார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, 12 முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் சரியென்று ஒப்பிய பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. இதுவே தேசவழமை. ஆங்கிலேயரும் 1806இல் அதற்குச் சட்ட வலிமை அளித்தனர். இன்றும் அது வழக்கிலுள்ளது.

ஆட்சி செய்ய வந்தவர் ஊராரின் வழக்கத்தை ஊராரிடமே காட்டிக் கேட்டது பாராட்டத்தக்கதே. ஆனால் கேட்கப்பட்டவர் யார்? உயர்நிலையிலிருந்த 12 ஆடவர். தேசவழமையில் பெண்களின் சீதனம் பற்றியும் அடிமைகள் பற்றியும் விதிகள் உண்டு. ஒப்புதல் தந்த அவையிலோ பெண்ணுக்கும் அடிமைக்கும் இடமில்லை.

சென்னைக் கோட்டையிலும் இதே நிலைதான். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆளுநரும் அவையினரும் கூடிய கூட்டங்களின் குறிப்பேடுகளுக்குக் 'கன்சல்டேஷன்' புத்தகங்கள் என்றே பெயர். அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் கம்பெனி அதிகாரிகளே.

தட்டை மாற்றிப் பார்

இயற்பியல் இங்கே நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. தராசின் இரு கைகளும் சம நீளமாக இல்லையென்று கொள்வோம். பழத்தை இடத்தட்டில் வைத்தால் 1000 கிராம் காட்டுகிறது. வலத்தட்டில் வைத்தால் 810 கிராம். எடைக்கற்கள் சரியானவையே. பின் உண்மை எடை எது? இரண்டையும் பெருக்கினால் 8,10,000. அதன் வர்க்கமூலம் 900. இதுவே உண்மை எடை. இதைக் காஸ் முறை என்பர். ஒரே தட்டில் நூறு முறை நிறுத்தாலும் பிழை வெளிப்படாது. தட்டை மாற்றினால் ஒரே முறையில் வெளிப்பட்டுவிடும்.

கலந்து எண்ணுவதும் அப்படித்தான். ஒரே பக்கத்தில் நிற்கும் பலரைக் கேட்பதால் பயனில்லை. எதிர்த் தட்டில் நிற்பவரைக் கேட்கவேண்டும்.

மாணவர்களே! பொறியியல் கல்லூரிச் சேர்க்கையைக் 'கலந்தாய்வு' என்கிறோம். ஆனால் அங்கே கணினி, தரவரிசையையும் நீங்கள் பதிந்த விருப்பப் பட்டியலையும் பார்த்து இடம் ஒதுக்குகிறது. உங்களோடு கலந்து ஆய்வதில்லை. அது அதற்கு முன்பே வீட்டுத் திண்ணையில் நடக்கவேண்டியது. தந்தை, மாமா, அண்ணன் எல்லோரும் கூடிப் பட்டியலை நிரப்பிவிட்டு, படிக்கப்போகும் பெண்ணை மட்டும் கேட்காமல் விடும் வீடுகள் இன்றும் உண்டு. கூடியவர் பலர்தாம், ஆனால் தராசில் ஒரு தட்டு இன்னும் காலியாகவே இருக்கிறது.