உங்களுக்குத் தெரியுமா? தாய்லாந்தின் 90 நாள் கணக்கு

தாய்லாந்தில் நீண்டகால விசா பெற்றுக் குடியிருக்கும் அயல்நாட்டவர், தங்கும் அனுமதி ஓராண்டுக்கு இருப்பினும், நாட்டைவிட்டு வெளியேறாமல் தொடர்ந்து 90 நாட்கள் கழிக்கும் ஒவ்வொரு முறையும் தம் முகவரியைக் குடிநுழைவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்நாட்டின் குடிநுழைவுச் சட்டம் விதிக்கிறது. ‘90 நாள் அறிக்கை’ எனப்படும் இது வெறும் முகவரி அறிவிப்பேயன்றி, பலர் மயங்குவதுபோல் விசா நீட்டிப்பு அன்று. நேரில் செல்வோர் கெடுநாளுக்கு 15 நாட்கள் முன்பிருந்து 7 நாட்கள் பின்பு வரை இதனை அளிக்கலாம். தவறினால் 2,000 பாட் (தாய்லாந்து நாணயம்) அபராதம். இடையில் எல்லை கடந்து திரும்பியவருக்கோ எண்ணிக்கை ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கும்.

வீட்டு உரிமையாளருக்கும் ஒரு கடமை உண்டு: அயல்நாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் அதனை அறிவிக்க வேண்டும். உரிமையாளர் அதை மறந்துவிட, பின்னாளில் அலுவலகச் சாளரத்தின் முன் திகைத்து நிற்பவர் பெரும்பாலும் குடியிருப்பவரே என்பதுதான் விந்தை.

இந்தக் குடிநுழைவுச் சட்டத்தின் பெயரில் 2522 என்ற ஆண்டு இருப்பது அச்சுப்பிழை அன்று. புத்தரின் பரிநிர்வாணத்திலிருந்து, அதாவது அவரது மறைவிலிருந்து, எண்ணப்படும் பௌத்த ஆண்டே அங்கு அரசு வழக்காதலால், 543-ஐக் கழித்தால் 1979 கிடைக்கும். அவ்வாறே, தாய்லாந்து அரசு ஆவணத்தில் 2568 என்றிருந்தால் அதனை 2025 எனக் கொள்க.